ஃபோர்ட் அபாச்சி (1948): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜான் ஃபோர்ட் இயக்கிய இந்தக் கறுப்பு வெள்ளைக் குதிரைப்படைப் படத்தை யாருக்குப் பரிந்துரைத்தாலும், பார்த்து முடித்தபின் அவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் முதல் மூன்று கேள்விகளோடு நிறுத்திக்கொண்டு, படத்தைப் பார்த்துவிட்டு மீதியைப் படிக்கலாம்.

முடிவைச் சொல்லாமல் கதையை மட்டும் சொல்லுங்களேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஜெனரலாக இருந்தவர் ஓவன் தர்ஸ்டே. போர் முடிந்ததும் அந்தப் போர்க்காலப் பதவி போய்விட, லெப்டினன்ட் கர்னல் என்ற நிலைக்கு இறங்கி, அரிசோனாவின் ஒரு கோடியில் இருக்கும் அபாச்சிக் கோட்டைக்குத் தலைமையேற்க அவர் வருகிறார். தாயில்லாத மகள் பிலடெல்ஃபியாவும் உடன் வருகிறாள். தகுதிக்குக் குறைந்த இடத்தில் தன்னைத் தள்ளிவிட்டார்கள் என்ற புண் அவருக்குள் ஆறாமல் இருக்கிறது. இழந்த புகழை ஒரே ஒரு பெரிய வெற்றியால் மீட்டுவிட வேண்டும் என்ற தவிப்பும் இருக்கிறது.

கோட்டையில் ஏற்கெனவே பல ஆண்டுகள் பணியாற்றிய கேப்டன் கெர்பி யார்க்குக்கு அபாச்சிப் பழங்குடியினரைத் தெரியும், நிலத்தைத் தெரியும், தன் ஆட்களைத் தெரியும். அரசு முகவர் ஒருவரின் ஊழலால் மனம் வெறுத்து, அபாச்சித் தலைவர் கொச்சீஸ் தம் மக்களோடு மெக்சிகோவுக்குள் போய்விட்டார். அவரைத் திரும்ப அழைத்துவரும் முயற்சியில் யார்க்கின் வாக்கும் தர்ஸ்டேயின் ஆசையும் மோதுகின்றன. இன்னொரு பக்கம், சார்ஜென்ட் மேஜர் ஒருவரின் மகனான இளம் அதிகாரியைப் பிலடெல்ஃபியா காதலிப்பதைத் தர்ஸ்டேயால் ஏற்க முடியவில்லை.

கௌபாய் படம் என்று சொன்னீர்கள், ஒரு கௌபாய்கூட வரவில்லையே?

வெஸ்டர்ன் என்பது பெரிய குடும்பம். மாடு மேய்ப்பவர்கள், ஷெரீஃப்கள், கொள்ளைக்காரர்கள் ஆகியோரைப் போலவே எல்லைப்புறக் கோட்டைகளில் வாழ்ந்த குதிரைப்படையினரும் அதில் ஒரு கிளை. இந்தக் கிளையில் தனியொருவனின் துப்பாக்கி வேகத்துக்கு மதிப்பு குறைவு. கட்டளை, கீழ்ப்படிதல், பதவி, சம்பளம், குடும்பம், சீருடை ஆகியவற்றைச் சுற்றியே கதை நகரும். ஆகவே துப்பாக்கிச் சண்டையை எதிர்பார்த்து உட்காருபவர்களுக்கு முதல் ஒரு மணி நேரம் ஏமாற்றமாகவே இருக்கும்.

நிறையப் பேர் வருகிறார்கள், எல்லோரும் ஒரே சீருடையில் இருக்கிறார்கள். யார் யார் என்று எப்படி நினைவில் வைப்பது?

இரண்டு வீடுகளையும் ஒரு சார்ஜென்ட் கூட்டத்தையும் பிடித்துக்கொண்டால் போதும். தர்ஸ்டேயாக ஹென்றி ஃபோண்டா, மகள் பிலடெல்ஃபியாவாக ஷர்லி டெம்பிள். ஓரூர்க் வீட்டில் தந்தை சார்ஜென்ட் மேஜராக வார்ட் பாண்ட், தாயாக ஐரீன் ரிச், மகன் லெப்டினன்ட் மைக்கேலாக ஜான் ஏகர். இவர்களுக்கு நடுவில் கேப்டன் யார்க்காக ஜான் வேய்ன். தர்ஸ்டேயின் பழைய தோழரான கேப்டன் காலிங்வுட்டாக ஜார்ஜ் ஓ'பிரையனும் அவர் மனைவி எமிலியாக ஆனா லீயும் வருகிறார்கள். ஊழல் முகவர் மீச்சமாக நடித்தவர் கிராண்ட் விதர்ஸ்.

சார்ஜென்ட்களில் பருத்த உடலும் உரத்த குரலுமாக வருபவர் விக்டர் மெக்லாக்லன். இளமையில் குத்துச்சண்டை வீரராக இருந்து, உலக சாம்பியன் ஜாக் ஜான்சனோடு 1909இல் மேடையேறியவர். 1935இல் வந்த 'தி இன்ஃபார்மர்' படத்துக்காகச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பெற்றவர். பாடுகிறவர் டிக் ஃபோரன். ஸ்பானிய மொழி பேசும் சார்ஜென்ட் போஃபோர்ட்டாக வரும் பெட்ரோ அர்மெண்டாரிஸ் மெக்சிகோத் திரையுலகின் முதன்மை நட்சத்திரங்களில் ஒருவர்; 1963இல் வெளிவந்த இரண்டாவது ஜேம்ஸ் பாண்ட் படத்தில் இஸ்தான்புல் நண்பராக வருபவரும் அவரே. ஓ'பிரையன் மௌனப்பட நாயகர். ஜான் ஃபோர்டின் 1924ஆம் ஆண்டு ரயில்பாதைக் காவியமான 'தி அயர்ன் ஹார்ஸ்' படத்தில் நாயகனாக நடித்தவர். கூட்டத்தில் ஒரு கிழவராக ஃபோர்டின் சொந்த அண்ணன் ஃபிரான்சிஸ் ஃபோர்டும் தலைகாட்டுகிறார். இவர்களில் பலர் இயக்குநரோடு படத்துக்குப் படம் தொடர்ந்து வந்தவர்கள் என்பதால், நெடுநாள் ஒன்றாக வாழ்ந்த படைப்பிரிவின் நெருக்கம் நடிக்காமலேயே வந்துவிடுகிறது.

ஜான் வேய்ன்தான் ஹீரோ என்று நினைத்தேன். அவர் கடைசிவரை எதையும் தடுக்கவில்லையே?

அவர் தடுக்க முயல்கிறார், தோற்கிறார். மெக்சிகோவுக்குள் போஃபோர்ட்டை மட்டும் அழைத்துச் சென்று கொச்சீஸிடம் பேசி, பாதுகாப்பாகத் திரும்பலாம் என்று வாக்குக் கொடுத்து வருபவர் யார்க். அந்த வாக்கைத் தூண்டிலாக்கிக் கொச்சீஸைப் பிடிக்கத் தர்ஸ்டே திட்டமிடும்போது, ஒரு அமெரிக்க அதிகாரிக்கும் கொச்சீஸுக்கும் இடையில் மானப் பிரச்சினையே எழாது என்கிறார் தர்ஸ்டே. எனக்கு எழுகிறது என்கிறார் யார்க். கையுறையைத் தரையில் வீசிச் சவால் விடும் அளவுக்குப் போகிறார். அதற்குமேல் அவரால் செய்யக்கூடியது கலகம் ஒன்றுதான். அதை அவர் செய்யவில்லை.

நட்சத்திரத்தை இப்படிக் கையைக் கட்டி நிற்க வைத்ததுதான் இந்தப் படத்தின் துணிச்சல். தர்ஸ்டே அவரைக் கோழை என்ற பழியோடு பின்னால் சரக்கு வண்டிகளிடம் அனுப்புகிறார். வேய்ன் உயிர் பிழைப்பது வீரத்தால் அல்ல, அந்த அவமானத்தால்.

ஹென்றி ஃபோண்டா எப்போதும் நல்ல மனிதராகவே வருவாரே, இதில் ஏன் இப்படி?

1939 முதல் 1947 வரை ஃபோர்டின் படங்களில் ஃபோண்டா இளம் லிங்கனாகவும், நிலமிழந்த உழவனாகவும், மார்ஷல் வயட் ஏர்ப்பாகவும், வேட்டையாடப்படும் பாதிரியாராகவும் நடித்தார். அந்த முகத்தில் நேர்மையைத் தேடிப் பழகிய பார்வையாளர்களிடம் தர்ஸ்டேயைக் கொண்டுவந்து நிறுத்தியதால்தான் வேடம் எடுபடுகிறது. அவர் கொடியவராக இல்லை. லஞ்சம் வாங்காதவர், பயம் அறியாதவர், மகளை நேசிப்பவர், விதிநூலைக் கரைத்துக் குடித்தவர். மீச்சமின் முகத்துக்கு நேரே அவன் அயோக்கியன் என்று சொல்லிவிட்டு, அரசின் பிரதிநிதி என்பதால் அவனையே பாதுகாக்கவும் செய்கிறார். விறைத்த முதுகும் தட்டையான குரலுமாக ஃபோண்டா இதைச் செய்யும் விதம், என் கணிப்பில், வேய்ன் உட்பட எல்லோரையும் விஞ்சிவிடுகிறது.

இதன்பின் ஃபோண்டா நாடக மேடைக்குப் போய் 'மிஸ்டர் ராபர்ட்ஸ்' நாடகத்தில் சில ஆண்டுகள் நடித்தார். 1955இல் அது படமானபோது ஃபோர்டும் அவரும் மீண்டும் சேர்ந்தார்கள். ஃபோர்ட் அவரைக் கைநீட்டி அடிக்கும் அளவுக்குச் சண்டை முற்றி, வேறு இயக்குநர் படத்தை முடித்தார். இருவருக்கும் இடையிலான உறவு அதோடு முறிந்தது. முழு வில்லனாக ஃபோண்டாவைப் பார்க்க விரும்புபவர்கள் செர்ஜியோ லியோனியின் 1968ஆம் ஆண்டுப் படத்துக்குப் போக வேண்டும்.

ஷர்லி டெம்பிள் என்றால் அந்தச் சுருட்டைமுடிக் குழந்தைதானே? அந்தக் காதலன் நிஜத்தில் அவர் கணவர் என்கிறார்களே?

இரண்டும் உண்மை. 1928இல் பிறந்த டெம்பிள் 1930களில் உலகின் மிகப் புகழ்பெற்ற குழந்தை நட்சத்திரம். ஃபோர்டோடு அவருக்கு இது முதல் படம் அல்ல. கிப்ளிங்கின் கதையைத் தழுவி, ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் நடப்பதாக 1937இல் எடுக்கப்பட்ட 'வீ வில்லி விங்கி' படத்திலும் அவரை ஃபோர்டே இயக்கினார். அதிலும் மெக்லாக்லன்தான் சார்ஜென்ட். படைமுகாமுக்குள் வரும் சின்னப் பெண், கண்டிப்பான பெரியவர் என்ற அமைப்பு இங்கே வளர்ந்த பெண்ணோடு மறுபடி வருவதை இரண்டையும் பார்த்தவர்கள் கவனித்திருப்பார்கள்.

ஜான் ஏகரை டெம்பிள் 1945இல், பதினேழு வயதில் மணந்தார். 1947 கோடையில் இந்தப் படம் எடுக்கப்பட்டபோது அவர் கருவுற்றிருந்தார். ஏகருக்கு இது முதல் படம். ஃபோர்ட் அவரைப் படப்பிடிப்பில் 'திரு. டெம்பிள்' என்று அழைத்து எல்லோர் முன்பும் வதைத்தார். திருமணம் நீடிக்கவில்லை, 1950க்குள் முறிந்தது. ஏகர் பிறகு பெரிய சிலந்தி, தண்ணீர்ப் பூதம் போன்றவை வரும் மலிவு அறிவியல் படங்களில் நாயகரானார். டெம்பிள் நடிப்பை விட்டுவிட்டு, பின்னாளில் கானாவுக்கும் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் அமெரிக்கத் தூதராகச் சென்றார். இந்தப் படத்தில் அவர் நடிப்பு சுமார்தான் என்று பலர் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் தந்தையின் இறுக்கத்துக்கு எதிராக அந்தக் குறும்பான உற்சாகம் தேவைப்படுகிறது.

அப்படி ஒரு கோட்டை உண்மையிலேயே இருந்ததா? படத்தை அங்கேதான் எடுத்தார்களா?

இருந்தது, கட்டடங்கள் சில இன்றும் இருக்கின்றன. அரிசோனாவின் கிழக்குப் பகுதியில் 1870இல் ஏற்படுத்தப்பட்ட அந்தப் படைமுகாம் 1920களில் மூடப்பட்டது; இன்று வெள்ளை மலை அபாச்சி இனத்தவரின் நிலத்தில் வரலாற்றுப் பூங்காவாக இருக்கிறது.

ஆனால் படம் அங்கே எடுக்கப்படவில்லை. வானுயர்ந்த செம்பாறைகள் நிற்கும் காட்சிகள் அரிசோனா, யூட்டா எல்லையில் நவஹோ மக்களின் நிலத்திலுள்ள மான்யுமென்ட் பள்ளத்தாக்கில் எடுக்கப்பட்டவை. உண்மையான கோட்டை மலையும் மரமும் நிறைந்த இடத்தில், அங்கிருந்து வெகு தெற்கே இருக்கிறது. படத்தில் வரும் கோட்டையோ லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே கோரிகன்வில் என்ற பண்ணையில் போடப்பட்ட செட். வாசலைத் தாண்டியதும் நிலத்தோற்றம் மாறுவதை உற்றுப் பார்த்தால் கண்டுகொள்ளலாம்.

இந்தப் படத்தில் வானம் ஏன் அப்படிக் கறுத்துத் தெரிகிறது? மேகம் மட்டும் பளிச்சென்று இருக்கிறதே?

ஒளிப்பதிவாளர் ஆர்ச்சி ஸ்டவுட் வெளிப்புறக் காட்சிகளில் அகச்சிவப்பு ஒளியை உணரும் படச்சுருளைப் பயன்படுத்தினார். அந்தச் சுருளில் நீல வானம் ஏறக்குறையக் கறுப்பாகவும், மேகங்கள் வெண்மையாகவும் பதிவாகும். மனிதத் தோலும் உதடும் அதில் வெளிறிப் போய்விடும் என்பதால் நடிகர்களின் ஒப்பனையைத் தனியாக மாற்றியமைக்க வேண்டியிருந்தது. நல்ல பிரதியில் பார்த்தால், படை வரிசையாகப் போகும் காட்சிகளில் நண்பகல் வெயிலிலேயே இரவின் கனம் தலைக்குமேல் நிற்பதுபோல் இருக்கும். மங்கலான பிரதியில் இது முழுதும் காணாமல் போய்விடுகிறது. படம் சலிப்பாக இருந்தது என்று சொன்ன சிலர் பார்த்தது அத்தகைய பிரதியைத்தான்.

பாதிப் படம் நடனமும் விருந்துமாகவே ஓடுகிறது. அதையெல்லாம் வெட்டியிருக்கலாமே?

வெட்டினால் இறுதிப் போருக்கு எடையே இருக்காது. தர்ஸ்டே கோட்டைக்கு வந்திறங்கும் இரவில் ஒரு நடன விருந்து நடக்கிறது. தன்னை வரவேற்கத்தான் என்று அவர் எண்ணுகிறார், அது ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்தநாள் விழா. பிறகு சார்ஜென்ட்கள் நடத்தும் நடனத்தில், தலைமை அதிகாரி சார்ஜென்ட் மேஜரின் மனைவியோடு முதல் ஆட்டம் ஆட வேண்டும் என்பது வழக்கம். ஓரூர்க் வீட்டை மணவுறவுக்குத் தகாததாகக் கருதும் அதே தர்ஸ்டே, திருமதி ஓரூர்க்கின் கையைப் பிடித்து, ஒரு பிசகும் இல்லாமல் ஆடுகிறார். வழக்கம் அவரை ஒரு நல்ல மனிதரைப்போல் சில நிமிடங்கள் நடந்துகொள்ள வைக்கிறது.

அந்த நடனத்தின் நடுவில்தான் யார்க் கொச்சீஸிடமிருந்து செய்தியோடு திரும்புகிறார். தர்ஸ்டே ஆட்டத்தை நிறுத்தச் சொல்கிறார். விடிந்ததும் படை புறப்படுகிறது. முந்தைய இரவு வரிசையாக ஆடியவர்கள்தான் காலையில் வரிசையாகப் போகிறார்கள். காலிங்வுட்டின் இடமாற்ற உத்தரவு சரியாக அந்த நேரத்தில் வந்து சேர்கிறது. கூப்பிட்டால் கணவர் திரும்பிவிடலாம் என்ற நிலையில், அவர் மனைவி எமிலி கூப்பிட மறுக்கிறார். எத்தனையோ படங்களில் பார்த்த வழியனுப்பும் காட்சிதான், ஆனால் ஆனா லீயின் முகம் அதைத் தனியாக்குகிறது.

தர்ஸ்டே அந்தப் பையனின் பெயரை மாற்றி மாற்றிச் சொல்கிறாரே, ஞாபக மறதியா?

மறதி என்பதைவிட அலட்சியம். மைக்கேலை மர்ஃபி என்கிறார், ஓ'பிரையன் என்கிறார். ஐரிஷ் பெயர்கள் எல்லாம் அவருக்கு ஒன்றுதான். சார்ஜென்ட் மேஜரின் மகன் எப்படி வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாதமிக்குள் நுழைந்தான் என்று அவர் வியக்கும்போது, குடியரசுத் தலைவரின் நேரடி நியமனம் என்று தந்தை ஓரூர்க் சொல்கிறார். அது உயரிய வீரப் பதக்கம் பெற்றவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்று எண்ணியிருந்தேன் என்கிறார் தர்ஸ்டே. எனக்கும் அப்படித்தான் எண்ணம் என்று அமைதியாகப் பதில் வருகிறது. வார்ட் பாண்ட் இதைச் சொல்லும் நிதானத்துக்காகவே அந்தக் காட்சியை மீண்டும் பார்க்கலாம்.

இந்தப் பெயர் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் கடைசிக் காட்சியில் அது திரும்ப வருகிறது.

காலிங்வுட்டுக்கும் தர்ஸ்டேக்கும் இடையில் அப்படி என்னதான் நடந்தது?

படம் முழுதாகச் சொல்வதில்லை. உள்நாட்டுப் போரில் ஒரே சமயத்தில் இருவரும் ஒரு முடிவெடுக்க நேர்ந்தது, அது ஒருவரைப் புகழுக்கும் மற்றவரை இந்தப் பாலைவனக் கோட்டைக்கும் கொண்டுபோய்விட்டது என்ற அளவுக்கே தெரிகிறது. காலிங்வுட் அன்று தாமதித்தார் என்று ஊகிக்க இடமிருக்கிறது. ஏனெனில் இறுதி நிலையில், தன் ஆட்களிடம் தர்ஸ்டே திரும்பி வரும்போது, இந்த முறை தாமதித்தவர் நீங்கள்தான் என்ற பொருளில் காலிங்வுட் ஒரு வரி சொல்கிறார். திரைக்கதை எழுதிய ஃபிராங்க் நூஜென்ட் நாளிதழ் ஒன்றில் திரைப்பட விமர்சகராக இருந்தவர். இது அவருடைய முதல் திரைக்கதை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முழு வாழ்க்கைக் குறிப்பை முதலில் எழுதச் சொன்னார் ஃபோர்ட். எழுதியதில் பெரும்பகுதி திரைக்கு வரவில்லை என்றாலும், சொல்லப்படாத ஒரு கடந்தகாலம் இருவருக்கும் பின்னால் நிற்பதை உணர முடிகிறது.

இது கஸ்டரின் கதைதானே? பெயரை மட்டும் மாற்றிவிட்டார்களா?

முக்கால் பங்கு அப்படித்தான். ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் கஸ்டர் உள்நாட்டுப் போரில் ஜெனரல். பின்னர் ஏழாவது குதிரைப்படையில் லெப்டினன்ட் கர்னல். 1876 ஜூன் 25இல் மொன்டானாவின் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லக்கோட்டா, செயேன் வீரர்களிடம் தோற்று, தம்முடன் நின்ற இருநூறுக்கும் மேற்பட்டோரோடு மாண்டார். இந்தப் படத்துக்கு மூலம் ஜேம்ஸ் வார்னர் பெல்லா 1947இல் எழுதிய சிறுகதை. அதன் பின்னணியில் இன்னொரு நிகழ்வும் உண்டு: 1866 டிசம்பர் 21இல் வயோமிங்கில், சிறு கூட்டமொன்றைத் துரத்திக்கொண்டு குன்றைத் தாண்டிப் போன கேப்டன் ஃபெட்டர்மனும் அவரோடு போனவர்களும், மொத்தம் 81 பேர், பொறியில் சிக்கி ஒருவர் மிச்சமில்லாமல் இறந்தார்கள்.

அபாச்சிகளிடம் இப்படி ஒரு படைப்பிரிவு அழிந்ததாக வரலாறு இல்லை. அபாச்சிப் போர்கள் பெரும்பாலும் சிறு குழுக்களின் மோதல்கள். இடத்தையும் எதிரியையும் மாற்றியதால் ஃபோர்டுக்குக் கிடைத்தது சுதந்திரம். கஸ்டர் என்று பெயர் வைத்திருந்தால் 1948இல் அந்தப் பாத்திரத்தை இவ்வளவு கடுமையாக வரைந்திருக்க முடியுமா என்பது ஐயமே. கஸ்டரின் மனைவி எலிசபெத் நூல்கள் எழுதியும் சொற்பொழிவாற்றியும் கணவரின் புகழைக் காத்தார். அவருடைய கடைசிப் போரைக் காட்டும் அச்சோவியத்தை ஒரு பீர் நிறுவனம் 1896 முதல் நாடெங்கும் மதுக்கடைகளில் மாட்டியது. படத்தின் முடிவில் பேசப்படும் ஓவியம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுவே விடை.

கொச்சீஸ் உண்மையான ஆளா? செவ்விந்தியர்களை வில்லனாகக் காட்டும் படங்களில் இதுவும் ஒன்றுதானா?

கொச்சீஸ் சிரிகாவா அபாச்சிகளின் தலைவர். 1861இல் ஓர் இளம் அதிகாரி, பேச வரச்சொல்லிவிட்டு அவரைப் பிடிக்க முயன்றதிலிருந்து தொடங்கிய பகை பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1872இல் ஜெனரல் ஹோவர்டோடு சமாதானம் செய்துகொண்டு, 1874இல் இயற்கையாக இறந்தார். பேச்சுவார்த்தை என்ற பெயரில் நடக்கும் துரோகம், சொன்ன சொல்லைக் காத்த ஓர் அதிகாரி ஆகிய இரண்டும் படத்திலும் இருக்கின்றன. ஆண்டுகளும் ஆட்களும் மட்டும் வேறு.

மெக்சிகோ நடிகர் மிகெல் இன்க்லான் அவரைக் கண்ணியமாக நடித்திருக்கிறார். கொச்சீஸ் ஸ்பானிய மொழியில் பேச, போஃபோர்ட் மொழிபெயர்க்கிறார். மீச்சம் தம் மக்களுக்கு மோசமான சாராயத்தையும் அழுகிய இறைச்சியையும் கொடுத்த கதையைச் சொல்லி, அவனை அனுப்பிவிட்டால் திரும்புகிறோம் என்கிறார். கோரிக்கையில் ஒரு சொல்கூட நியாயமற்றது இல்லை. தர்ஸ்டேயின் பதில் வசையாக இருக்கிறது. போரில் வென்றபின் கொச்சீஸ் யார்க்கின் முன் வந்து, கைப்பற்றிய படைக்கொடியைத் தரையில் ஊன்றிவிட்டுப் போகிறார். சரக்கு வண்டிகளோடு நிற்பவர்களைக் கொல்லவில்லை. செவ்விந்தியர் பக்க நியாயத்தைப் பேசியதற்காகப் பலரும் 1950இல் வந்த 'புரோக்கன் ஏரோ' படத்தைப் புகழ்வார்கள். இது அதற்கு இரண்டு ஆண்டுகள் முந்தியது.

குறையும் உண்டு, அது சிறியதல்ல. அபாச்சிகளின் வீட்டுக்குள் கேமரா ஒருமுறைகூடப் போவதில்லை. கோட்டைப் பெண்களின் துணிமணி, சமையல், நாற்காலி வரை நமக்குத் தெரிகிறது; கொச்சீஸின் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது யார்க்கின் வாய்வழியாக மட்டுமே வருகிறது. அபாச்சிகளாக வருபவர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த நவஹோ மக்கள். அவர்களுக்கு ஃபோர்டின் படங்கள் கூலி வேலை தந்தன, ஆனால் திரையில் பேசும் வேடம் தரவில்லை.

குதிரைகள் அப்படி விழுகின்றனவே, அதெல்லாம் நிஜமாகச் செய்ததா?

தேர்ந்த சண்டைக் கலைஞர்களும் பழக்கப்பட்ட குதிரைகளும் செய்தவை. அவர்களில் ஒருவர் ஓக்லஹோமாவிலிருந்து வந்த பென் ஜான்சன். படப்பிடிப்பில் ஆட்களோடு ஒரு வண்டி தறிகெட்டு ஓடியபோது, குதிரையில் பாய்ந்து சென்று அதை நிறுத்தினார்; அதைப் பார்த்த ஃபோர்ட் அவரை நடிகராக ஒப்பந்தம் செய்துகொண்டார். 1971இல் வெளியான 'தி லாஸ்ட் பிக்சர் ஷோ' அவருக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது.

இது ஒரு முத்தொகுதியின் முதல் பாகமா? மற்றவற்றைப் பார்க்காமல் புரியுமா?

தாராளமாகப் புரியும். 1949இல் வந்த 'ஷி வோர் எ யெல்லோ ரிப்பன்', 1950இல் வந்த 'ரியோ கிராண்டே' ஆகியவற்றையும் சேர்த்துக் குதிரைப்படை முத்தொகுதி என்று சொல்வது விமர்சகர்களின் வழக்கம். மூன்றுக்கும் மூலம் பெல்லாவின் கதைகள், மூன்றிலும் வேய்ன், மெக்லாக்லன். ஆனால் தொடர்கதை இல்லை. இரண்டாவது படம் வண்ணத்தில் எடுக்கப்பட்டு, வின்டன் ஹாக்குக்கு ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் பெற்றுத் தந்தது.

பெயர்கள் குழப்பும். மூன்றாவது படத்திலும் வேய்னின் பாத்திரம் கெர்பி யார்க்தான், ஆங்கில எழுத்தில் ஓர் எழுத்து மட்டும் கூடியிருக்கும்; ஆனால் அங்கே அவருக்கு மனைவியும் வளர்ந்த மகனும் உண்டு. இந்தப் படத்தில் டிக் ஃபோரனுக்கு உரிய குவின்கேனன் என்ற பெயர் அடுத்த இரண்டிலும் மெக்லாக்லனுக்குப் போய்விடுகிறது. வரிசை வேண்டுமென்றால் வெளிவந்த ஆண்டு வரிசையே போதும்.

கடைசியில் யார்க் பத்திரிகையாளர்களிடம் பொய் சொல்கிறார். எல்லாம் தெரிந்த அவர் ஏன் அப்படிச் செய்கிறார்?

சில ஆண்டுகள் கழித்து யார்க் படைப்பிரிவின் தலைவர். வாஷிங்டனில் தொங்கும் ஓவியம் ஒன்றைப் பற்றிப் பத்திரிகையாளர்கள் வியந்து பேசுகிறார்கள். அதில் தர்ஸ்டே வீரமாகப் படை நடத்துகிறாராம். உண்மையில் நடந்தது நமக்குத் தெரியும். யார்க் சுட்டிக்காட்டிய பொறியைப் பொருட்படுத்தாமல், குறுகிய கணவாய்க்குள் படையை வரிசையாக ஓட்டிச் சென்று சாகடித்தார். ஓவியம் எல்லா விவரத்திலும் சரியானது என்கிறார் யார்க். இவரைவிட வீரமாக எவரும் இறந்ததில்லை என்கிறார். இரண்டாவது வாக்கியம் பொய் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்: காயமுற்ற தர்ஸ்டேயைத் தப்பவைக்க யார்க் குதிரையோடு வந்தபோது, அவர் யார்க்கின் வாளை வாங்கிக்கொண்டு, சாகப்போகும் தன் ஆட்களிடம் திரும்பிப் போனார்.

இதற்கடுத்த பேச்சுதான் முக்கியம். தர்ஸ்டேக்களை எல்லோரும் நினைவில் வைக்கிறார்கள், மற்றவர்களை மறந்துவிடுகிறோம் என்று சொல்லும் பத்திரிகையாளர் காலிங்வுட்டின் பெயரையே தவறாக உச்சரிக்கிறார்; யார்க் உடனே திருத்துகிறார். மேலே சொன்ன பெயர் விஷயம் இங்கே முழு வட்டம் வருகிறது. ஓரூர்க்கின் பெயர் தர்ஸ்டேயின் வாயில் நிற்கவில்லை. காலிங்வுட்டின் பெயர் வரலாற்றின் வாயில் நிற்கவில்லை. மாதம் பதின்மூன்று டாலருக்குப் பணியாற்றும் அந்த ஆட்கள் சாகவில்லை, படைப்பிரிவு இருக்கும்வரை இருப்பார்கள் என்கிறார் யார்க். தர்ஸ்டேயின் பிழையை அம்பலப்படுத்தினால் அவரோடு இறந்தவர்களின் சாவும் வீண்சாவாகிவிடும் என்று அவர் எண்ணியிருக்கலாம்.

இயக்குநரின் கருத்தும் பதிவாகியிருக்கிறது. பீட்டர் பாக்டனோவிச்சுக்கு அளித்த பேட்டியில், அண்ணாந்து பார்க்க நாயகர்கள் இருப்பது நாட்டுக்கு நல்லது என்ற ஃபோர்ட், அவர்களில் பலர் அப்படிப்பட்டவர்கள் அல்ல என்பதையும் அதே மூச்சில் ஒப்புக்கொண்டார். அவர் சொன்னதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. கட்டுக்கதையைக் காப்பதே அவர் நோக்கம் என்றால், இரண்டு மணி நேரம் செலவிட்டு உண்மையை நமக்குக் காட்டியிருக்க வேண்டாம். பத்திரிகையாளர்கள் ஏமாறுகிறார்கள், பார்வையாளர்கள் ஏமாறுவதில்லை.

கடைசிக் காட்சியில் யார்க்கும் தர்ஸ்டேயைப்போலவே பிடரி மறைக்கும் துணி வைத்த தொப்பியைப் போட்டுக்கொள்கிறாரே. அவரும் தர்ஸ்டேயாக மாறிவிட்டார் என்று அர்த்தமா?

பாதி மாறிவிட்டார் என்பதே என் வாசிப்பு. படத்தின் பெரும்பகுதியில் யார்க் சாதாரண அகன்ற தொப்பியில், தளர்வாக வருகிறார். தர்ஸ்டே மட்டுமே அந்த விறைப்பான தொப்பியில் வருகிறார். இப்போது யார்க் அதே தொப்பியோடு, அபாச்சித் தலைவர் ஜெரோனிமோவைப் பிடிக்கப் படை நடத்திப் போகிறார். ஒருகாலத்தில் அபாச்சிகளோடு பேசித் தீர்த்தவர் அவர். அந்தப் பேச்சுக்கு இடமில்லாத வேலை அவருக்கு இப்போது வாய்த்திருக்கிறது. உண்மையான ஜெரோனிமோவும் 1886இல் சரணடையும்வரை துரத்தப்பட்டார்.

மறுபக்கச் சான்றையும் சொல்ல வேண்டும். மைக்கேலுக்கும் பிலடெல்ஃபியாவுக்கும் பிறந்த குழந்தை அந்தக் காட்சியில் இருக்கிறது. மைக்கேல் தர்ஸ்டே யார்க் ஓரூர்க் என்று மூன்று பேரின் பெயரையும் சுமக்கிறது. ஓரூர்க்குகளைத் தம் குடும்பத்தில் சேர்க்க மறுத்த மனிதரின் பேரன் ஓரூர்க். யார்க் தம் ஆட்களின் பெயர்களை மறக்கவில்லை, தர்ஸ்டேயைப்போல் அவர்களைப் படிக்கற்களாகவும் பார்க்கவில்லை. ஆனால் தொப்பி தொப்பிதான். இரண்டில் எது கனமானது என்று ஃபோர்ட் தீர்ப்புச் சொல்லாமல் படையை வாசலுக்கு வெளியே அனுப்பிவிடுகிறார்.